எஞ்சினின் பெருமூச்சு

டீஸல் வண்டி புகை விடும் என்பது உலகறிந்த சமாசாரம். எந்த வழியாக விடும் என்று கேட்டால், பள்ளிக்கூடத்துச் சிறுவன்கூட வண்டியின் பின்புறத்துக் குழாயைச் சுட்டிக் காட்டிவிடுவான். அவன் சொல்வது பாதி உண்மைதான். மற்றப் பாதி வெளிப்பட்டது, அவனைப் போன்ற பிள்ளைகள் ஏறிச் செல்லும் பஸ்களிலேயே என்பதுதான் விசித்திரம்.

அமெரிக்காவில் ஓடும் மஞ்சள் வர்ணப் பள்ளி பஸ்களை நேயர்கள் சினிமாப் படங்களிலாவது பார்த்திருப்பார்கள். மூக்குப் போல் நீண்டிருக்கும் முன்பாகத்தில் டீஸல் எஞ்சின். அதற்கு அடுத்தாற்போல் பிள்ளைகள் ஏறி இறங்கும் வாசல். ‘க்ளீன் ஏர் டாஸ்க் போர்ஸ்’ என்ற சங்கத்தார் இத்தகைய பஸ்களுக்குள் நுண்ணிய கருவிகளை வைத்துக் காற்றைச் சோதித்து, 2005-ஆம் வருஷத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பின்குழாயில் கரியைப் பிடிக்கும் உயர்தர வடிகட்டியைப் பொருத்திவிட்டால் பஸ்ஸின் உட்புறம் சுத்தமாகிவிடும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? அப்படி ஆகவில்லை. பின்குழாய் அடங்கிய பிறகும், பிள்ளைகள் உட்காரும் இடத்தில் நுண்துகள்கள் மிதந்துகொண்டுதான் இருந்தன. அவை வந்த வழி வண்டியின் பின்புறம் அல்ல, முன்புறம். எஞ்சினின் வயிற்றிலிருந்து புறப்பட்டு எஞ்சின் மூடிக்கு அடியில் முடிகிற ஒரு சிறு குழாய், ஓசையின்றி மெல்லிய நீலப் புகையை விட்டுக்கொண்டிருந்தது. பஸ் நின்று கதவு திறந்த போதெல்லாம் அப்புகை உள்ளே புகுந்தது. அந்தக் குழாயையும் வடிகட்டியோடு சேர்த்து மூடிய பிறகுதான் அந்தத் துகள்கள் மறைந்தன.

அந்தச் சிறு குழாய் எதற்காக இருக்கிறது? அதை அடைத்துவிட்டால் என்ன? அதன் வழியே வருவது என்ன? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை காண, எஞ்சினுக்குள்ளே சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

டீஸல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் மேலே ஏறிக் காற்றை நெருக்குகிற நெருக்கலிலேயே காற்று பழுக்கக் காய்ந்துவிடும். அதில் எண்ணெயைப் பீச்சியதும் தானே தீப்பற்றும். இக்காலத்து எஞ்சின்களில் அப்போது ஸிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், நம்மைச் சூழ்ந்திருக்கும் வாயுமண்டலத்தின் அழுத்தத்தைப் போல் 150 மடங்குக்கு மேலும் போவதுண்டு. இத்தனை அழுத்தத்தையும் தடுத்து நிறுத்துவது பிஸ்டனைச் சுற்றியுள்ள இரண்டு மூன்று இரும்பு வளையங்கள். சூட்டில் விரிவதற்கு இடம் வேண்டுமாதலால், ஒவ்வொரு வளையத்திலும் ஒரு சிறு வெட்டு இருக்கும். காற்றுக்கு அது போதாதா? புத்தம் புதிய எஞ்சினில்கூட, உள்ளே போன காற்றில் நூற்றில் ஒரு பங்குக்குள்ளான அளவு, வளையங்களின் ஓரமாக வழுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறது. கேட்பதற்கு அற்பம். ஆனால் பெரிய லாரி எஞ்சினில் இது நிமிஷத்திற்கு நூறு லிட்டருக்கும் மேலாகும்.

இறங்குகிற இடம் ‘கிராங்க் கேஸ்’ என்கிற அடிப்பெட்டி. கிராங்க் தண்டு சுழல்வதும், எஞ்சின் ஆயில் தேங்கி நிற்பதும் அங்கேதான். நாலு புறமும் மூடிய பெட்டிக்குள் இடைவிடாமல் வாயு இறங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? தண்டுகள் வெளியே வரும் இடங்களில் உள்ள ‘ஸீல்’ வளையங்கள் பிதுங்கி, ஆயில் வெளியே பீறிடும். ஆகையால் எஞ்சின் மூச்சு விட்டே தீரவேண்டும். அந்த மூச்சுக் குழாயைத்தான் தொழிலாளர்கள் ‘ப்ரீதர்’ என்கிறார்கள். அதை அடைப்பது, கொதிக்கிற பானையின் மூடியை இறுகக் கட்டுவது போன்ற காரியம்.

மூச்சு மட்டும் வந்தால் பாதகமில்லை. அதோடு எண்ணெயும் வருகிறது. ‘ஆயில் மிஸ்ட்’ என்று நிபுணர்கள் சொல்வதை நாம் எண்ணெய்ப் பனி என்று வைத்துக்கொள்வோம். இது எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொள்ளத் தொழிற்சாலைக்குப் போக வேண்டியதில்லை. சமையலறைக்குப் போனால் போதும். அப்பளம் பொரிக்கும்போது சட்டியிலிருந்து தெறிக்கும் துளிகள் அடுப்பைச் சுற்றியே விழுந்துவிடும். ஆனால் அடுப்புக்கு எட்டாத உயரத்தில், அலமாரியின் மேலும் சுவரின் மேலும் நாளடைவில் ஒரு பிசுக்குப் படிகிறதே, அது தெறித்து விழுந்ததன்று. சூட்டில் ஆவியாகிப் போன எண்ணெய், மேலே குளிர்ந்த காற்றில் மறுபடியும் துளியாக உறைந்து, கண்ணுக்குத் தெரியாமல் மிதந்து போய் ஒட்டிக்கொண்டது. எஞ்சினுக்குள்ளும் இந்த இரண்டு வகையும் உண்டு. சுழலும் தண்டு விசிறியடிப்பதும், பிஸ்டனின் அடிப்பாகத்தைக் குளிர்விக்கப் பீச்சப்படும் ஆயில் சிதறுவதும் பெருந்துளிகள். வளையத்தின் இடுக்கு வழியே பாய்கிற வாயு, அங்கே படிந்துள்ள ஆயிலைக் கிழித்துப் பொடியாக்குவது நடுத்தரத் துளிகள். கொதிக்கும் பிஸ்டனில் பட்டு ஆவியாகிப் பின்பு குளிர்ந்து உறைவதுதான் நுண்துளி.

துளியின் பருமனை மைக்ரான் கணக்கில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமயிரின் கனம் உத்தேசமாக 70 மைக்ரான். அசையாத காற்றில் 10 மைக்ரான் துளி ஒரு மீட்டர் கீழே விழ ஏறக்குறைய 6 நிமிஷம் பிடிக்கும். ஒரு மைக்ரான் துளிக்கு அதே தூரத்திற்கு 9 மணி நேரம் ஆகும். 0.3 மைக்ரான் துளியோ மூன்று நாள் எடுத்துக்கொள்ளும்! எஞ்சினின் மூச்சோ ஒரு சில நொடியில் வெளியேறிவிடுகிறது. துளி தானாகப் படிந்துவிடும் என்று காத்திருந்தால் நடக்கிற காரியமா?

ஆதி நாட்களில் இதற்கெல்லாம் யாரும் கவலைப்பட்டதில்லை. ப்ரீதர் குழாயைக் கீழே சாலையை நோக்கி இறக்கி, நுனியைச் சாய்வாக வெட்டி விட்டுவிட்டார்கள். பழைய மோட்டார்கள் நிறுத்தி வைத்த இடமெல்லாம் எண்ணெய்ப் பொட்டு வைத்துவிட்டுப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். பெட்ரோல் கார்களுக்கு முதலில் விமோசனம் பிறந்தது. 1961-ஆம் வருஷத்து மாடல் முதல் கலிபோர்னியாவில் விற்ற புதுக் கார்களில், அடிப்பெட்டியின் மூச்சை எஞ்சினே திரும்ப உறிஞ்சி எரித்துவிடும்படி ஏற்பாடு செய்தார்கள். பெட்ரோல் எஞ்சினுக்கு இது சுலபம். காற்று நுழையும் வழியில் ஒரு தட்டு பாதி மூடியிருப்பதால், அதற்கு அப்பால் எப்போதும் உறிஞ்சும் சக்தி இருக்கும். டீஸலில் அந்தத் தட்டுக்கு அந்த வேலை இல்லை. உறிஞ்சும் சக்தியும் மிகக் குறைவு. டர்போ வைத்த டீஸலில் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. ஆகவே டர்போ டீஸல் லாரி, பஸ் எஞ்சின்களுக்கு அமெரிக்க அரசாங்கம் விதிவிலக்கு அளித்திருந்தது. அந்தச் சலுகை 2007-ஆம் வருஷத்து எஞ்சின்களோடுதான் முடிவுற்றது. பள்ளி பஸ்களில் அந்தக் குழாய் திறந்தே கிடந்ததன் ரகசியம் இதுதான்.

டர்போ என்பது என்ன? வீணாகப் போகும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறு முனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி. ஸ்விட்ஸர்லாந்து தேசத்து எஞ்சினீயர் ஆல்பிரட் பூகி என்பவர் 1905-இல் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். சிறு கார்களில் இந்தத் தண்டு நிமிஷத்திற்கு ஒரு லக்ஷம் சுற்றுக்கு மேல் சுழலும். இத்தனை வேகத்தில் தண்டைத் தாங்குவது ஆயில் படலம்தான். அந்த ஆயில் வடிந்து சேருமிடம் அடிப்பெட்டி. அதோடு டர்போவிலிருந்து கசியும் வாயுவும் வந்து சேருகிறது. ஆக, டர்போ வைத்ததால் அடிப்பெட்டிக்கு வாயு வரும் வழி ஒன்று கூடிற்று.

சரி, டீஸலிலும் இந்த மூச்சை அப்படியே காற்றுப் பாதையில் விட்டு எரித்துவிட்டால் என்ன? விடலாம், ஆனால் அது முதலில் டர்போவின் காற்றுச் சக்கரத்தைக் கடந்தாக வேண்டும். அழுத்தப்பட்ட காற்று அங்கே தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் தாண்டியிருக்கும். எண்ணெய்ப் பனி அதில் வெந்து, சக்கரத்திலும் அதன் கூட்டிலும் கரிப் பொருக்காகப் படிகிறது. எஞ்சியது ‘இன்டர்கூலர்’ என்னும் குளிர்விக்கும் பெட்டியில் தங்கி, அதன் உட்புறத்திற்கு எண்ணெய் முழுக்காட்டுகிறது. அப்பாலும் தப்பிப்போய் எரிவது சாம்பலாகிறது. நம் நாட்டில் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் அமலுக்கு வந்தது முதல், புது டீஸல் வண்டிகளின் பின்குழாயில் கரி வடிகட்டி பொதுவாக இடம் பெற்றுவிட்டது. கரியை அந்த வடிகட்டி அவ்வப்போது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். எஞ்சின் ஆயிலில் கலந்துள்ள கால்ஷியம், துத்தநாகம் முதலியவற்றின் சாம்பலை எரிக்க அதனால் ஆகாது. அது வடிகட்டியிலேயே தங்கி, வருஷக் கணக்கில் சேர்ந்து, அதன் ஆயுளைக் குறைத்துவிடும்.

இவை மெல்லக் கொல்லும் தொல்லைகள். திடீரென்று வரும் ஆபத்து ஒன்றும் உண்டு. டீஸல் எஞ்சினுக்கு உணவு எந்த வழியாக வருகிறது என்பது பற்றி அக்கறை கிடையாது. எரியக்கூடியது எது உள்ளே வந்தாலும் எரித்துவிடும். வளையங்கள் தேய்ந்து போயோ, ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியோ, டர்போவின் ஸீல் உடைந்தோ, காற்றுப் பாதையில் ஆயில் வெள்ளமாகப் புகுந்துவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் தன் சொந்த ஆயிலையே குடித்து ஓடத் தொடங்குகிறது. வேகம் ஏறுகிறது, ஏற ஏற இன்னும் அதிகமாக உறிஞ்சுகிறது. டிரைவர் பதறிப் போய்ச் சாவியைத் திருப்புகிறார். சாவி நிறுத்துவது டீஸலைத்தானே? ஆயிலை அல்லவே! மதங்கொண்ட யானைக்கு அங்குசம் எதற்கு? வெண்புகை சாலையை மூட, எஞ்சின் கதறிக்கொண்டே ஓடி, ஆயில் தீர்ந்து உள்ளுறுப்புகள் இறுகிப்போன பிறகுதான் ஓயும். காற்று புகும் வழியை உறுதியான பலகையாலோ தகட்டாலோ மூடிவிட்டால் அடங்கும். அல்லது கியர் வண்டியானால் பெரிய கியரில் போட்டு, பிரேக்கை முழுதும் மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டுத் திணறடிக்கலாம். வெறுங்கையால் அந்த வாயை மூடப் போகிறவன் கையை இழப்பான். எஞ்சின் துண்டு துண்டாகத் தெறிக்கவும் கூடுமாகையால், அருகே நில்லாமல் விலகிப் போவதே பெரும்பாலோருக்கு உசிதம்.

எண்ணெய்ப் பனி வெளியே வந்தால் இத்தனை தொல்லை. வெளியே வராமல் உள்ளேயே அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டால்? அதற்கு மனித குலம் கொடுத்த விலையைக் கப்பல்களின் சரித்திரத்தில் காணலாம். ‘ரெயினா டெல் பஸிபிகோ’ என்பது லிவர்பூல் துறைமுகத்திலிருந்து தென் அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போய் வந்த நாலு டீஸல் எஞ்சின் கப்பல். வட்டமேஜை மகாநாடுகள் நடந்த காலத்தில் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த ராம்ஸே மக்டொனால்ட், 1937 நவம்பரில் காலமானது இந்தக் கப்பலில்தான். யுத்தத்தில் சிப்பாய்களை ஏற்றிச் சென்று திரும்பிய அதைப் பெல்பாஸ்டில் செப்பனிட்டு, 1947 செப்டம்பர் 11-ஆம் தேதி வெள்ளோட்டம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஓர் எஞ்சினில் பிஸ்டன் ஒன்று அளவு மீறிக் காய்ந்துவிட்டது. அதில் பட்ட ஆயில் ஆவியாகி, வெண்பனியாக உறைந்து, அடிப்பெட்டியை நிறைத்து, அதே சூட்டில் வெடித்தது. வெடி மற்ற எஞ்சின்களுக்கும் பரவிற்று. எஞ்சின் அறையில் நின்றவர்களில் 28 பேர் மாண்டார்கள்.

ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 50 கிராம் எண்ணெய் பனியாகப் பரவினால், ஒரு பொறி போதும் என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். சாதாரண நிலையில் அவ்வளவு அடர்த்தி சேர்வதில்லை. எங்கேனும் ஓர் உறுப்பு பழுக்கக் காய்ந்தால்தான் சேரும். ஆகவே இந்நாளில் பெரிய கப்பல் எஞ்சின்களில், அடிப்பெட்டிக் காற்றின் ஊடே ஒளிக்கதிரைச் செலுத்தி, அது மங்குகிறதா என்று இரவு பகலாகக் காவல் காக்கும் கருவியையோ, தாங்கிகளின் சூட்டைக் கண்காணிக்கும் கருவியையோ வைத்திருக்கிறார்கள்.

இனி, பனியை வாயுவிலிருந்து பிரிக்கும் வித்தைக்கு வருவோம். இதில் கஷ்டம் துளியின் நுண்மை மட்டும் அல்ல; செலவழிக்க அழுத்தம் இல்லாமையே பெருங் கஷ்டம். அடர்த்தியான துணியில் வடிகட்ட வேண்டுமானால் வாயுவைப் பலமாகத் தள்ள வேண்டும். அடிப்பெட்டியிலோ அரை முழ உயரத் தண்ணீரின் பாரம் அளவுகூட அழுத்தம் சேரவிடுவது நல்லதன்று. தள்ளாமல் பிரிக்க வேண்டும்!

முதல் யுக்தி, வாயுவைச் சந்து பொந்துகளில் திருப்பி விடுவது. தேரோடும் வீதியின் முடுக்கில் சைக்கிள்காரன் சட்டென்று திரும்பிவிடுவான். பார வண்டியோ திரும்ப முடியாமல் எதிர்ச் சுவரில் முட்டும். அதுபோல், தடுப்புத் தகடுகளுக்கிடையே வாயு வளைந்து போகும்போது பெருந்துளிகள் தகட்டில் மோதி வழிகின்றன. கார் எஞ்சின்களின் மேல்மூடிக்குள்ளேயே இந்தத் தடுப்புகள் அமைந்திருப்பதை அநேகர் அறியமாட்டார்கள். வாயுவைக் கூம்பு வடிவக் குடுவையில் சுழல விடுவதும் இதே தத்துவந்தான். ஆனால் ஒரு மைக்ரானுக்குக் குறைந்த துளிகள் சைக்கிள்காரர்களே; அவை முட்டுவதில்லை.

இரண்டாவது, கண்ணாடி இழைகளால் ஆன பஞ்சு வடிகட்டி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெருந்துளி தன் பாரத்தால் இழையில் மோதி அகப்படுகிறது என்பது தெரிந்ததே. மிக மிக நுண்ணிய துளியும் சுலபமாக அகப்படுகிறது! எப்படியென்றால், 1827-இல் ராபர்ட் பிரௌன் என்ற தாவர சாஸ்திரி தண்ணீரில் மிதந்த பூந்தூளின் நுண்துகள்களில் கண்ட ஓயாத தடுமாற்றம் இவற்றுக்கும் உண்டு. குடிகாரனைப் போல் இங்குமங்கும் தள்ளாடி எங்கேனும் ஓர் இழையில் ஒட்டிக்கொள்ளும். பாரமும் இல்லாமல் தள்ளாட்டமும் இல்லாமல் நடுவே இருக்கிற 0.3 மைக்ரானை ஒட்டிய துளிகள்தான் தந்திரசாலிகள். அகப்பட்ட துளிகள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகிக் கீழே வடியும். இந்த வடிகட்டி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஆயிலோடு கரியும் வருவதால் காலக்கிரமத்தில் அடைத்துக்கொள்ளும். அடைத்த வடிகட்டியை மாற்றாமல் விடுவதும் ப்ரீதர் வாயில் துணியைத் திணிப்பதும் ஒன்றே. உடனே அடிப்பெட்டியில் அழுத்தம் ஏறும். டர்போவின் ஆயில் வடிய முடியாமல் தேங்கிக் காற்றுச் சக்கரத்தின் பக்கம் பெருகும். வண்டிக்காரர் டர்போ கெட்டுவிட்டதென்று புதிதாக வாங்கிப் போடுவார். அதுவும் அதே கதியை அடையும்.

மூன்றாவது யுக்திதான் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஏனெனில் அது பால் பண்ணையிலிருந்து வந்தது. ஸ்வீடன் தேசத்து குஸ்தாவ் டி லாவால் 1878-இல் பாலைச் சுழற்றி வெண்ணெய் ஏட்டைப் பிரிக்கும் யந்திரத்தை அமைத்தார். பத்து வருஷம் கழித்து, 1888-இல், ஜெர்மானியரான பெக்டோல்ஸ்ஹைம் என்பவர், சுழலும் பாத்திரத்துக்குள் கூம்புத் தட்டுகளை நெருக்கமாக அடுக்கி வைத்தால் வேலை பன்மடங்கு விரைவாக நடக்கும் என்று கண்டு உரிமை பெற்றார். அந்த உரிமையை லாவாலின் கம்பெனி வாங்கிக்கொண்டது. தட்டுகளை அடுக்குவதன் சூக்ஷ்மம் இதுதான்: துளி எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும், அது கடக்க வேண்டிய தூரத்தை ஒரு மில்லிமீட்டருக்குள் குறைத்துவிட்டால் காரியம் முடிந்தது. அந்தக் கம்பெனியின் வழிவந்த ஆல்பா லாவால் ஸ்தாபனம், இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஹால்டெக்ஸ் என்ற இன்னொரு ஸ்வீடன் கம்பெனியோடு கூடி, ‘ஆல்ப்டெக்ஸ்’ என்ற பெயரில் அதே தட்டடுக்கை லாரி எஞ்சினின் மூச்சுக்குப் பிரயோகம் செய்தது. உள்ளங்கை அகலத் தட்டுகள் நிமிஷத்திற்குப் பல ஆயிரம் தடவை சுழல்கின்றன. எண்ணெய்ப் பனி இடுக்குகளில் நுழைந்து, தட்டில் ஒட்டி, கூடிப் பெருந்துளியாகி, வெளிச் சுவரில் வீசியெறியப்பட்டு வடிகிறது. சுழற்றுவதற்கு எஞ்சின் ஆயிலின் பீச்சலோ சிறு மின்சார மோட்டாரோ போதும். வாயுவுக்கு வழியில் பெருந்தடை ஏதும் இல்லை. அடைத்துக்கொள்ளப் பஞ்சும் இல்லை.

பிரித்த ஆயில் வீணாவதில்லை. ஒரு குழாய் வழியே அடிப்பெட்டிக்கே திரும்புகிறது. இந்தக் குழாயை அமைப்பதில் சிறிது பிசகினாலும் எல்லாம் பாழ். குளியலறைச் சாக்கடைக் குழாயில் வளைவு வைத்துத் தண்ணீர் நிற்கச் செய்கிறோமே, எதற்கு? தண்ணீர் இறங்க வேண்டும், நாற்றம் ஏறக் கூடாது. அதே போல் இந்தக் குழாயின் நுனி அடிப்பெட்டி ஆயிலின் மட்டத்துக்குக் கீழே முழுகியிருக்க வேண்டும்; அல்லது ஒருபக்கம் மட்டும் திறக்கும் வால்வு வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால், வாயு குறுக்கு வழியில் மேலேறிப் பிரித்த ஆயிலையும் வாரிக்கொண்டு போய்விடும். கடைகளில் விற்கும் ‘காட்ச் கேன்’ டப்பாக்களை வாங்கித் தாமே காருக்குப் பொருத்திக்கொள்ளும் உற்சாகிகள் கவனிக்க வேண்டியவை இரண்டு: உள்ளே வலையோ தடுப்போ இல்லாத வெறும் டப்பா நுண்பனியைப் பிடிக்காது, நிறைந்த டப்பாவைக் கொட்டாமல் விட்டால், சேர்த்த ஆயில் அத்தனையும் ஒரே மடக்காக எஞ்சினின் வாய்க்குள் போகும்.

பழைய டீஸல் கார் வாங்கப் போகிறவர்களுக்கு, மெக்கானிக்குகள் கையாளும் சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் நிதானமாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, கவிழ்த்து அந்தத் துவாரத்தின் மேலேயே வைப்பார்கள். மூடி லேசாக நடுங்கினால் பயமில்லை. மூடியின் உட்புறத்தில் மோர் போன்ற வெண்மைப் பிசுக்கு இருந்தால், பெரும்பாலும் வண்டி குறைந்த தூரமே ஓடி, எஞ்சின் சூடேறாமல் நீராவி தங்கிவிட்டது என்று அர்த்தம். ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் மட்டும் வேறு நோயைச் சந்தேகிக்க வேண்டும். மூடி துள்ளி விழுந்து, துவாரத்திலிருந்து புகை குபுகுபுவென்று வந்தால், வளையங்கள் தேய்ந்துவிட்டன. எவ்வளவு உயர்ந்த பிரிப்பானாலும் அதற்குப் பரிகாரம் செய்ய இயலாது; எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டியதுதான்.